மூன்றரை அடிக்குப் பழுப்பு வர்ணம்

தீர்த்தகிரிக்கு அறுபத்தேழு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்து நாலு. இதைச் சொன்னால் ஊரில் சிலர் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். முதல் ஒரு வருஷம் அவரே யாரிடமும் மூச்சு விடவில்லை.

குருவின் பெயர் தவமணி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. மடம் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு கல் அறை, ஒரு சமையல் கொட்டகை, மத்தியானம் நூறு பேருக்குச் சாப்பாடு. தவமணியம்மா உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. மனைவி போன துக்கத்தில் தீர்த்தகிரி முதன்முதலாக அங்கே போய், "மனசு ஆறமாட்டேங்குதும்மா" என்று சொன்னபோது, அவர் ஒரு கூடை சின்ன வெங்காயத்தையும் ஒரு கத்தியையும் முன்னால் நகர்த்தி வைத்தார். சனிக்கிழமை தவறாமல் ஆறு வருஷமாகத் தீர்த்தகிரி உரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கத்தியை எடுக்கவில்லை. கூடைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா, கை வேலைக்கு வரல?" என்றார் தவமணியம்மா.

"கலெக்டர் ஆபீஸை இடிக்கப் போறாங்கம்மா."

அது தீர்த்தகிரி கட்டியது. பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாலம் என்று எத்தனையோ கட்டியிருக்கிறார். ஆனால் நீ என்ன கட்டினாய் என்று யாராவது கேட்டால் அவர் வாயில் முதலில் வருவது கோட்டைக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ்தான். இருபத்தொன்பது வயதில், சொந்தக் கையால் வரைந்து, கூடவே நின்று எழுப்பியது. இப்போது அதற்கு வயதாகிவிட்டது, பார்க்க லட்சணமாக இல்லை, புதிதாகக் கட்டப் போகிறோம் என்கிறார்கள். இந்தத் திங்கட்கிழமை மனு நாளில் சொல்வதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் இடிக்கிறவன் வந்துவிடுவான்.

தீர்த்தகிரி சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியைப் படித்தார். "அரசனுக்கு ஒரு வாசல், குடிகளுக்கு ஒரு வாசல் என்றில்லாமல், வருகிற எல்லோருக்கும் ஒரே வாசல் வைத்து இந்த மாவட்டத்தில் கட்டப்பட்ட முதல் கட்டடம் இது."

"நல்லா எழுதியிருக்கீங்க."

"நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்மா. நான் ரிட்டயர் ஆன ஆளு. என் மனுவைக் கட்டோட கட்டா வெச்சிடுவாங்க. உங்க பேரு இருந்தா கலெக்டர் ஒரு நிமிஷம் நின்னு படிப்பாரு."

தவமணியம்மா ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். ஒரு காலம் என்ன நினைச்சுதுன்னு அந்தக் காலத்துக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும்னு எங்களுக்குப் பாடத்துல சொல்லிக்குடுத்தாங்க. என் கட்டடம் என் காலத்தைச் சரியா சொல்லுதா? இல்ல நான்தான் சும்மா பெருமையடிச்சுக்கிறேனா?"

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் போறீங்க?"

"பத்து மணிக்கு."

"நானும் வர்றேன். அங்க வந்து கையெழுத்துப் போடறேன்."

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் இருவரும் இறங்கியபோதே வெயில் ஏறிவிட்டது. தீர்த்தகிரி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையும் போட்டிருந்தார். கையில் ஒரு தகரக் குழாய். அதற்குள் கட்டடத்தின் முதல் வரைபடம் இருந்தது. முழங்கால் இரண்டும் ஒரு வருஷமாக அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆட்டோ பிடிக்கலாம் என்றார். நடக்கலாம் என்று தவமணியம்மா சொல்லிவிட்டார்.

கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசல் மண்டபத்துக்கு முன்னால் அம்மா நின்றார்.

"இது என்ன சொல்லுது ஐயா?"

தீர்த்தகிரிக்கு இதைக் கேட்டால் போதும். கால்வலி கூட மறந்துவிடும். "ராசாவும் சாமியும் வேற வேற இல்லன்னு நினைச்ச காலம்மா இது. அதான் இவ்வளவு தூணு, தூணுக்குத் தூணு யாளி. உள்ள வர்றவன் தலையைத் தூக்கிப் பார்த்து, நாம எம்மாத்திரம்னு நினைக்கணும். அதுக்குன்னே கட்டினது."

"வந்தவங்க எங்க உட்காருவாங்க?"

எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் அவர் ஒரு தூணின் அடிப்பக்கத்தைத் தடவிக் காட்டினார். அங்கே கல் வழவழவென்று கறுத்திருந்தது. "இங்கதான். முதுகு பட்டுப் பட்டு எப்படி ஆயிருக்குது பாருங்க."

"எல்லாருமா?"

தீர்த்தகிரி தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். மண்டபத்துக்கு வெளியே, தெரு ஓரத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நட்டிருந்தது. இப்போது அதில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"அந்தக் கல்லு வரைக்கும்தாம்மா சில பேருக்கு. எங்க தாத்தா அதுக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்ல. நான் வந்தேன். அதுக்குள்ள காலம் மாறிடுச்சு."

ஆறு வருஷத்தில் இதை அவர் அம்மாவிடம் சொன்னதில்லை. இப்போதும் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்தது பழைய கச்சேரி. வெள்ளைக்காரன் ஆபீஸ் நடத்தக் கட்டியது. சிவப்புச் செங்கல், வளைவு வளைவாகத் தாழ்வாரம். இப்போது அதில் பத்திரப்பதிவு நடக்கிறது. இந்தத் தடவை அம்மா நிற்பதற்கு முன்பே தீர்த்தகிரி சொல்லத் தொடங்கினார். "இவனுக்கு வெயிலுன்னா பயம். சனங்கன்னா அதைவிடப் பயம். அதான் பதினெட்டடி உசரம், சுத்தி வராந்தா, ஏறி வர்றதுக்கு எட்டுப் படி. நான் மேல இருக்கேன், நீ கீழ இருக்கேங்கிறதுதான் மொத்தக் கட்டடமே."

"வந்தவங்க?"

"அதோ, வேப்ப மரத்தடியில. கூப்பிட்டா செருப்பைக் கழட்டிட்டு மேல வரலாம்."

"ம்" என்றார் தவமணியம்மா.

கலெக்டர் ஆபீஸ் கேட்டில் புதிய கட்டடத்தின் படத்தை ஆளுயர பிளெக்ஸில் கட்டியிருந்தார்கள். எட்டு மாடி, முழுக்கக் கண்ணாடி, உச்சியில் மட்டும் ஒரு கோபுரம். தீர்த்தகிரிக்கு அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல் வந்தது. ஒளித்துவைத்து என்ன ஆகப் போகிறது, வயிற்றெரிச்சல்தான்.

"இந்த வெயிலுக்குக் கண்ணாடி வெச்சுக் கட்டறாங்க. மேல கோபுரத்துக்கு ஒரு தொப்பி. எந்தக் காலம்மா இது?"

தவமணியம்மா படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தார். படத்துக்குள் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் சிவப்பாக, உயரமாக இருந்தார்கள். ஒரு பெண் கையில் காபி வைத்திருந்தாள். யார் கையிலும் மனு இல்லை.

"வந்தவங்க எங்க உட்காருவாங்கன்னு போடலியே?"

"யாரும் வர வேண்டியதே இல்லையாம்மா. எல்லாம் போன்லயே முடிஞ்சிடுமாம்."

"அப்ப இவங்க காலம் என்ன நினைக்குது?"

தீர்த்தகிரி கொஞ்சம் யோசித்தார். "சனங்க வராம இருந்தா நல்லா இருக்கும்னு" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சலிப்பாக இருந்தது.

கேட்டைத் தாண்டியதும் அவருடைய கட்டடம் தெரிந்தது. மூன்று மாடி, சாம்பல் நிறம். வளைவு இல்லை, சிற்பம் இல்லை, முகப்பில் ஒரு பூ வேலைப்பாடு கிடையாது. வெயில் அடிக்கிற பக்கமெல்லாம் காற்று வர ஓட்டை ஓட்டையாகச் சிமெண்டு ஜாலி. ஊரில் இதற்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று பெயர். அந்தப் பெயர் வைத்தவனை ஒரு நாள் பார்த்துவிட வேண்டும் என்று தீர்த்தகிரிக்கு ரொம்ப நாள் ஆசை. நடுவில் ஒரே ஒரு அகலமான வாசல். படி கூட இல்லை, தெருவோடு தெருவாகச் சரிந்து ஏறும். கலெக்டரும் அதில்தான் வர வேண்டும், கைநாட்டு வைக்கிறவனும் அதில்தான் வர வேண்டும் என்று சண்டை போட்டு வைத்த வாசல்.

வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். இருநூற்றுப் பதினாலு. உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தது முப்பத்தாறு.

நீளத் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்தது, மற்ற ஐந்திலும் கைக்குழந்தைக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் சுவரோரம் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தவமணியம்மா ஒரு இடைவெளி பார்த்து, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழகியவர் அல்லவா, அவருக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

தீர்த்தகிரி உட்காரவில்லை. தகரக் குழாயை ஊன்றிக்கொண்டு நின்றார். தான் கட்டிய கட்டடத்தில் தரையில் உட்காருவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. முப்பது வருஷத்தில் அவர் இங்கே நூறு தடவை வந்திருப்பார். வந்ததும் யாராவது எழுந்து, வாங்க சார் என்று உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள். காத்திருந்ததில்லை.

ஜாலி வழியாக விழுந்த வெயில் தரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிடந்தது. அந்தக் கட்டங்கள் நகர்ந்து நகர்ந்து அவர் செருப்பைத் தொட்டபோது டோக்கன் எண்பத்திரண்டு. செருப்பைத் தாண்டிப் போனபோது நூற்றுப் பத்து. முழங்காலுக்குள் யாரோ மெதுவாகத் திருப்புளி வைத்துத் திருகுவதுபோல் இருந்தது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பிறகு மறுபடி மாறினார். தவமணியம்மா நிமிர்ந்து பார்த்தார், உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

"சார், நீங்களா?"

கண்காணிப்பாளர் மாதேஷ். அந்தக் காலத்தில் சின்ன கிளார்க்காக இருந்தவர். இப்போது தலை நரைத்திருந்தது.

"நீங்க எதுக்கு சார் இங்க நிக்கறீங்க? வாங்க, பின்பக்கமா போயிடலாம். உள்ள ஏ.சி. இருக்குது. உக்காந்து ஒரு காபி சாப்பிடுங்க, அஞ்சு நிமிஷத்துல கலெக்டர் அய்யாகிட்ட விட்டுடறேன்."

"பின்பக்கம் ஏது வழி? நான் வைக்கலியே."

"நீங்க போனப்புறம் சுவத்தை உடைச்சு ஒண்ணு போட்டோம் சார். அதிகாரிங்க எல்லாம் அதுலதான் வர்றாங்க. இந்தக் கூட்டத்துல எப்படி சார் வர்றது?"

தீர்த்தகிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"போய்ட்டு வாங்க ஐயா" என்றார் தவமணியம்மா. "கால் வலிக்குதில்ல?"

வலிக்கத்தான் செய்தது. மாதேஷ் பின்னால் அவர் இரண்டு அடி எடுத்தும் வைத்தார். இதை மறைத்துப் பயனில்லை. மூன்றாவது அடியில்தான் சட்டைப்பையில் மனு மடிப்புக் குத்தியது. எல்லோருக்கும் ஒரே வாசல் என்று அவர் கைப்பட எழுதிய வரி அதற்குள் இருந்தது.

"இல்ல மாதேஷ். நான் இங்கயே இருக்கேன்."

"எவ்வளவு நேரம் சார் நிப்பீங்க?"

"உக்காந்துக்கறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, உட்காருவது அவ்வளவு சுலபமாக இல்லை. சுவரைப் பிடித்து, குழாயை ஊன்றி, பாதி வழியில் ஒரு தடவை நின்று, ஒரு வழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தார். கால்சட்டை மடிப்பு போன இடம் தெரியவில்லை. மாதேஷ் கொஞ்ச நேரம் சங்கடமாக நின்றுவிட்டுப் போய்விட்டார்.

"இன்னும் இப்படித் தள்ளி உக்காருங்க அண்ணா" என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள். பச்சையம்மாள் என்று பெயர். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க இது மூன்றாவது திங்கட்கிழமையாம். "இந்த எடத்துல மேல ஓட்டை வழியா காத்து நேரா ஒடம்புல வுழும். அதுக்குத்தான் நான் எட்டு மணிக்கே வந்துடறது."

தீர்த்தகிரி தள்ளி உட்கார்ந்தார். காற்று வந்தது. அந்த ஜாலிக்கு எத்தனை ஓட்டை, எந்தச் சரிவு என்று மூன்று மாதம் கணக்குப் போட்டவர் அவர். முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தக் காற்று அவர் மேலேயே அடித்தது.

"யாரோ விஷயம் தெரிஞ்சவன்தான் வெச்சிருக்கான்" என்றாள் பச்சையம்மாள்.

தீர்த்தகிரி களைப்பாகக் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தார். பின்னந்தலை ஒரு வழவழப்பான இடத்தில் போய்ப் பொருந்தியது.

திரும்பிப் பார்த்தார். சுவரில் கீழிருந்து மூன்றரை அடிக்குப் பழுப்பு வர்ணம். அந்தப் பழுப்பிலேயே ஒரு எண்ணெய்க் கறை, தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரே மட்டத்தில் ஓடியது. சில இடங்களில் வர்ணம் தேய்ந்து சிமெண்டு தெரிந்தது. மண்டபத்துத் தூணில் பார்த்த அதே கறுப்புதான்.

"என்ன ஐயா?" என்றார் தவமணியம்மா.

"இந்த வர்ணம் நான் சொன்னதும்மா."

"நல்ல நிறம்தான்."

"கட்டி ஆறு வருஷத்துல ஒரு ஃபைல் வந்துச்சு. சனங்க தலை எண்ணெய்ல சுவரெல்லாம் அசிங்கமாகுதுன்னு. நான் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து கறையை எல்லாம் அளந்தேன். தாழ்ந்தது ரெண்டேகால் அடி. உசந்தது மூணேகால் அடி. அதுக்கு மேல மூணு அங்குலம் சேர்த்து, மூன்றரை அடிக்குப் பழுப்பு வர்ணம் அடிங்க, கறை தெரியாதுன்னு எழுதினேன். நல்ல யோசனைன்னு பாராட்டி லெட்டர் குடுத்தாங்க. அப்புறம் மாவட்டத்துல அத்தனை ஆபீஸ்லயும் அதையே அடிச்சாங்க."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"நிக்கிற மனுஷனுக்குத் தலை அஞ்சடிக்கு மேலதானேம்மா இருக்கும். மூணேகால் அடியில எப்படித் தலை வரும்னு நான் யோசிக்கவே இல்ல. நிறத்தைப் பத்தி மட்டும் ரெண்டு நாள் யோசிச்சேன்."

டோக்கன் நூற்று அறுபது என்று டவாலி கூவினார். தாழ்வாரத்தில் யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்கள்.

"அந்தக் குழாயில என்ன ஐயா?"

"முதல் வரைபடம். கலெக்டர்கிட்டக் காட்டலாம்னு."

"எனக்குக் காட்டுங்க."

மூடியைத் திருகி அவர் தாளை எடுத்தார். பழைய டிரேசிங் தாள், ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. தவமணியம்மா அதை இரண்டு கையாலும் விரித்து ஜாலி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வாசல் தெரிந்தது, மாடிப்படி தெரிந்தது. தாழ்வாரத்தின் ஓரமாக மட்டும் ஒரு நீளக் கோடு தாளே இல்லாததுபோல் வெளிச்சத்தை விட்டது.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு?"

தீர்த்தகிரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பார்க்கப் போனால், ஒரு நாளும் மறந்ததில்லை, பக்கத்தில் போகாமல் இருந்தார், அவ்வளவுதான்.

"மசியில வரைஞ்சதை அழிக்கணும்னா பிளேடால சுரண்டுவோம்மா. சுரண்டின எடம் மெலிஞ்சிடும்."

"என்ன இருந்துச்சு?"

"கல் பெஞ்சு. இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும். ஒண்ணே கால் அடி அகலம். சுவரோட சேர்த்தே கட்டறாப்பல வரைஞ்சிருந்தேன்."

"யார் சுரண்டினது?"

"மேலதிகாரி பார்த்துட்டு, உக்கார எடம் குடுத்தா சனங்க எழுந்து போகமாட்டாங்க, சாயங்காலம் வரைக்கும் இங்கயே கெடப்பாங்கன்னு சொன்னாரு."

"யார் சுரண்டினது ஐயா?"

"நான்தான்."

தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு" என்றார் தீர்த்தகிரி. "வாசலுக்கு ஒரு வருஷம் சண்டை போட்டவன் நான். தனி வாசல் வெக்கமாட்டேன், வேலையே போனாலும் சரின்னு நின்னேன். இதுக்கு ஒரு வார்த்தை பேசல. பெஞ்சுதானே, போனா போகுதுன்னு நினைச்சேன்."

தவமணியம்மா தாளைச் சுருட்டி அவரிடம் கொடுத்தார். வெயில் கட்டங்கள் எதிர்ச்சுவரில் ஏறத் தொடங்கியிருந்தன. பச்சையம்மாள் ஒரு டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிடி பொரி கொடுத்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். தீர்த்தகிரி பொரியை மெல்லும்போது எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். கண்ணை மூடிச் சாய்ந்த தலைகள் எல்லாம் அவர் அளந்து வைத்த மூன்றரை அடிக்குள்ளேயே இருந்தன. ஒரு தலை கூட மேலே போகவில்லை.

"அந்தக் கோயில் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னவங்களை இவ்வளவு தூரம் உள்ள கூட்டிக்கிட்டு வந்தேன்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "கூட்டிக்கிட்டு வந்துட்டு, உக்காருன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அவருக்குக் கண் கலங்கவில்லை. அழுவதற்குக் கூட ஒரு தெம்பு வேண்டும், அது அவரிடம் இல்லை. மனுவைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தவமணியம்மாவின் பெயரைக் கூட எழுதி வைத்திருந்தார்.

"எரநூத்திப் பதினொண்ணு" என்றார் டவாலி. இன்னும் மூன்று பேர்.

"அம்மா, இடிக்கட்டும்மா. அவங்க சொல்றதும் சரிதான். இது நிக்கிறதுக்கு லாயக்கில்ல. நான் இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துடறேன், நாம ஊருக்குப் போயிடலாம்."

"இதுல எழுதினது பொய்யா ஐயா?"

"பொய் இல்ல."

"ஒரே வாசல்தான் வெச்சீங்களா?"

"ஆமாம்மா. அது நிஜம்."

"எரநூத்திப் பன்னெண்டு."

பச்சையம்மாள் இருநூற்றுப் பதின்மூன்று. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கோப்பு அட்டையிலிருந்து தன் காகிதங்களை எடுத்தாள். அட்டையை அங்கேயே, தீர்த்தகிரிக்குப் பக்கத்தில், தரையில் வைத்துவிட்டு, "எடத்துக்கு ஒரு அடையாளமா கெடக்கட்டும்ணா, உள்ள போய்ட்டுத் திரும்பவும் உக்காரச் சொல்லுவாங்க" என்றாள்.

அவள் உள்ளே போனதும் தீர்த்தகிரி கேட்டார். "அப்ப என்னதாம்மா செய்யறது? இந்தக் கட்டடம் என் காலத்தைச் சொல்லுதா இல்லையா, அதையாவது சொல்லுங்க."

"கால் எப்படி இருக்கு?"

"ரொம்ப வலிக்குதும்மா."

தவமணியம்மா தரையில் கிடந்த அட்டையை எடுத்து அவர் மடியில், மனுவுக்கு அடியில், வைத்தார். தன் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார்.

"அதையும் எழுதுங்க ஐயா, அந்தப் பெஞ்சையும் சேர்த்து. கையெழுத்துப் போடறேன்."